மூன்று அளவு சொன்னால் போதுமா? சர்வசம முக்கோணங்களை மரச்சட்டம் அறுத்துச் செய்து பார்த்த பதிவு

ஒரு முக்கோணத்தில் அளப்பதற்கு ஆறு சங்கதிகள் உண்டு: மூன்று பக்கம், மூன்று கோணம். இரண்டு முக்கோணங்களில் இந்த ஆறும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால், ஒன்றைத் தூக்கி மற்றதன் மேல் வைக்கும்போது விளிம்போடு விளிம்பு பொருந்தும். அதற்குப் பெயர் சர்வசமம். இதுவரை யாருக்கும் சந்தேகம் வராது. பாடம் கனமாவது அடுத்த இடத்தில்தான். ஆறையும் அளக்க வேண்டாம், மூன்று போதும். ஆனால் எந்த மூன்று என்பதில் கறாராக இருக்க வேண்டும். ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப என்று பிள்ளைகள் நான்கு விதிகளையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள் (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம், செ-க-ப என்றால் செங்கோணம்-கர்ணம்-பக்கம்). ப-ப-கோ ஏன் அந்த வரிசையில் இல்லை என்று கேட்டால் "புத்தகத்துல இல்ல" என்று பதில் வருகிறது.

அண்ணன் மகளும் எதிர்வீட்டுப் பையனும் மாலையில் என்னோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இந்தப் பாடத்தை அவர்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நான் இந்த விதிகளைப் புரிந்துவைத்திருக்கும் விதம் இது: என்னிடம் ஒரு முக்கோணச் சட்டம் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் ஆசாரி அதே போல் இன்னொன்று செய்ய வேண்டும். போனில் அவரிடம் எதைச் சொன்னால், அவர் எந்த வழியில் செய்தாலும் என் முக்கோணத்தைத் தவிர வேறு எதுவும் வரவே முடியாது? சொல்லும் அளவுகள் அவருக்கு வேறு வழியே விடவில்லை என்றால் அது விதி. ஒரு சின்ன சந்து விட்டாலும் அது விதி ஆகாது. நிரூபணம் என்பது அந்தச் சந்து இல்லை என்று காட்டுவது.

சட்டம் அறுத்தது

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து வடிவங்கள் செய்வதை அரவிந்த் குப்தா ஊர் ஊராகப் பரப்பியிருக்கிறார். முக்கோணம் அசையாது, சதுரம் அசையும் என்று காட்ட அதைவிட மலிவான வழி கிடையாது. எனக்கு அது இங்கே ஒத்துவராது. குச்சி டியூபுக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பக்கத்தின் நீளம் மாறிவிடும். இங்கே நீளம்தான் எல்லாமே.

அதனால் பிளைவுட் கடையில் பீடிங் என்கிற மெல்லிய மரச்சட்டம் வாங்கினேன். முக்கால் அங்குல அகலம், கால் அங்குலக் கனம். கூடவே 4 மி.மீ. போல்ட், வாஷர், விங் நட். ஸ்பேனர் இல்லாமல் பிள்ளைகளே விரலால் முடுக்க விங் நட்தான் தோது.

இதில் கவனம் வைக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. சட்டம் எவ்வளவு நீளம் என்பது நமக்கு வேண்டாம். ஒரு துளையின் நடுவிலிருந்து மறு துளையின் நடுவு வரைக்கும் உள்ளதுதான் பக்கம். ஆகவே ஒவ்வொன்றையும் வேண்டிய அளவைவிட 2 செ.மீ. கூடுதலாக அறுத்து, நுனியிலிருந்து 1 செ.மீ. தள்ளி முதல் துளை, அங்கிருந்து அளந்து இரண்டாவது துளை. ஒரே அளவில் இரண்டு சட்டம் வேண்டுமானால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்பில் இறுக்கி, ஒரே டிரில்லில் இரண்டையும் சேர்த்துத் துளைக்க வேண்டும். தனித்தனியாக அளந்து போட்டால் அரை மி.மீ. முன்னே பின்னே போகும். மூன்று மூட்டுகளிலும் அது சேரும்போது பொருந்தாத முக்கோணம் வந்து நிற்கும். துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருந்தாலும் இதே தொல்லைதான், அதிலும் 8 செ.மீ. போன்ற குட்டைச் சட்டத்தில் நன்றாகவே தெரியும். டிரில் பிட்டும் 4 மி.மீ. போட்டு, போல்ட்டைக் கொஞ்சம் திருகியே நுழைத்தோம்.

கடைசியாக ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட். ஏன் என்று பின்னால் வரும்.

ப-ப-ப

18, 20, 25 செ.மீ. சட்டங்களில் ஆளுக்கு ஒவ்வொன்றைக் கொடுத்து, ஒருவர் கூடத்திலும் ஒருவர் திண்ணையிலும் உட்கார்ந்து முக்கோணம் முடுக்கினார்கள். கொண்டுவந்து அடுக்கிப் பார்த்தால் கச்சிதம். நட்டை முழுக்க இறுக்காமலே முக்கோணம் அசைய மறுக்கிறது. நான்கு சட்டம் போட்டுச் சதுரம் செய்தால் தொட்டவுடன் சாய்ந்து சாய்சதுரமாகிறது. நாலு பக்கம் சொன்னால் ஆசாரிக்கு எத்தனையோ வழி இருக்கிறது; மூன்று பக்கம் சொன்னால் வழியே இல்லை.

"ஏன் வழியில்லை" என்பதையும் சட்டத்திலேயே காட்டலாம். 25 செ.மீ. சட்டத்தைத் தாளின் மேல் நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 18-ஐ மட்டும் மாட்டி, அதன் மறு துளையில் பென்சிலை நுழைத்துச் சுற்றினால் ஒரு வட்டம். மறுமுனையிலிருந்து 20-ஐ வைத்து இன்னொரு வட்டம். மூன்றாவது உச்சி இரண்டு வட்டத்திலும் இருந்தாக வேண்டும். இரண்டு வட்டங்கள் வெட்டுவது சட்டத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, அவ்வளவுதான். மேல் முக்கோணமும் கீழ் முக்கோணமும் ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றது. தாளை 25 செ.மீ. கோட்டில் மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று படியும்.

சிவப்புப் பெயின்டின் வேலை இங்கேதான். அண்ணன் மகள் செய்ததில் சிவப்பு மேலே பார்க்க, பையன் செய்ததில் கீழே பார்த்தது. அப்படியே நகர்த்திப் பார்த்தால் பொருந்தவில்லை, புரட்டிப் போட்டால் பொருந்தியது. வடிவியலில் புரட்டுவதற்கு அனுமதி உண்டு, இரண்டும் சர்வசமமே. தச்சு வேலையில் அந்த அனுமதி எப்போதும் கிடைக்காது. ஒரு பக்கம் மைக்கா ஒட்டிய முக்கோணப் பலகையைப் புரட்டினால் ஒட்டாத பக்கம் வெளியே தெரியும். அளவெல்லாம் சரியாக இருந்தும் மாற்றுக் கைக்கு அறுத்துவிட்டார்கள் என்று பட்டறைகளில் பேச்சு வருவது இதனால்தான்.

ப-கோ-ப

15 செ.மீ., 40 செ.மீ., நடுவில் 60 டிகிரி. ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்தின் 60 டிகிரி மூலையை இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் செருகி, அணைத்துப் பிடித்து, நட்டை முடுக்கினார்கள். மூன்றாவது சட்டத்தை வேண்டுமென்றே கொடுக்கவில்லை. திறந்து கிடக்கும் இரண்டு துளைகளுக்கும் நடுவே எவ்வளவு என்று அளக்கச் சொன்னேன். இருவரும் 35 செ.மீ. என்றார்கள். யாரும் சொல்லாத மூன்றாவது பக்கம் இருவரிடமும் ஒரே நீளத்தில் வந்திருக்கிறது. (15, 40, 60 டிகிரி என்று எடுத்ததற்குக் காரணம், மூன்றாவது பக்கம் பின்னமில்லாமல் 35 என்று வரும். செய்து பார்க்கிறவர்களுக்கு அது சௌகரியம்.)

யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தொகுத்த நூலில், முதல் பகுதியின் நான்காவது தேற்றம் இதுதான். அவர் நிரூபித்த முறை பிள்ளைகள் செய்ததேதான்: ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் வை, உச்சி உச்சியில் விழும், ஒரு பக்கம் அதன் மேலேயே படியும், கோணம் சமம் என்பதால் அடுத்த பக்கமும் படியும், நீளங்கள் சமம் என்பதால் முனைகளும் விழும், இரண்டு முனைகளுக்கு நடுவே நேர்கோடு ஒன்றுதான், ஆகவே மூன்றாவது பக்கமும் படிந்தாக வேண்டும். படித்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் "தூக்கி வைப்பது" என்றால் என்ன, தூக்கும்போது வடிவம் மாறாது என்று யார் சொன்னார்கள் என்று பின்னால் வந்தவர்கள் விடாமல் கேட்டார்கள். 1899-இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் வடிவியலுக்குப் புதிதாக அடித்தளம் போட்டபோது ப-கோ-ப விதியின் சாரத்தை நிரூபிக்காமல் அடிக்கோளாகவே வைத்துக்கொண்டு, மற்ற விதிகளை அதிலிருந்து வரவழைத்தார். பள்ளிக்கூடத்தில் நான்கு விதிகளும் ஒரே தட்டில் நிற்கின்றன. உள்ளே பார்த்தால் ப-கோ-ப அடியிலும் மற்றவை அதன் மேலும் இருக்கின்றன. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

கோ-ப-கோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம், அதன் இரண்டு முனைகளிலும் கோணம். இரண்டு கோடுகள் ஒரே இடத்தில்தான் சந்திக்கும். இரண்டு கோணம் தெரிந்தால் 180-இல் கழித்து மூன்றாவதும் தெரிந்துவிடுவதால், சொல்லும் பக்கம் கோணங்களுக்கு நடுவில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. எந்தக் கோணத்துக்கு எதிரே இருக்கிறது என்று சொன்னால் போதும். மூன்று கோணங்களை மட்டும் சொன்னால் ஆசாரி உள்ளங்கை அளவிலும் செய்யலாம், கூரை அளவிலும் செய்யலாம். வடிவம் ஒத்திருக்கும், அளவு ஒத்திருக்காது.

ப-ப-கோ: சந்து இருக்கும் இடம்

இந்தச் சட்டங்களை அறுத்ததே இதற்காகத்தான் என்று சொல்லலாம். போனில் சொன்ன செய்தி: "ஒரு மூலையில் 30 டிகிரி. அந்த மூலையிலிருந்து போகும் ஒரு பக்கம் 30 செ.மீ. மூலைக்கு எதிர்ப்பக்கம் 17 செ.மீ." மூன்று அளவு. இரண்டு பக்கம், ஒரு கோணம். மேலோட்டமாகப் பார்த்தால் ப-கோ-ப போலவே இருக்கிறது. கோணம்தான் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இல்லை.

அடியில் துளை போடாத நீளச் சட்டம். அதன் ஒரு முனையில் மூலைமட்டத்தின் 30 டிகிரி மூலையை வைத்து 30 செ.மீ. சட்டத்தைச் சாய்வாக நிறுத்தியாயிற்று. அதன் மேல்முனையில் 17 செ.மீ. சட்டத்தைத் தளர்வாக மாட்டித் தொங்கவிட்டோம். இனி அதன் கீழ்முனை அடிச்சட்டத்தைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அண்ணன் மகள் அதை வெளிப்பக்கமாக விரித்தாள். தொட்டது. மூலையிலிருந்து அளந்தால் 34 செ.மீ. எழுதிக்கொண்டாள். பையன் அதே சட்டத்தைப் பிடித்து உள்பக்கமாகத் தள்ளினான். அங்கேயும் தொட்டது. 18 செ.மீ.

"சித்தப்பா, இது ரெண்டு எடத்துல நிக்குது!"

"அப்ப எது சரி மாமா?" என்றான் பையன்.

"நான் சொன்ன மூணு அளவும் ரெண்டுலயும் இருக்கான்னு பாருங்க" என்றேன்.

மூலைமட்டம், டேப் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். 30 டிகிரி இரண்டிலும் உண்டு. 30 செ.மீ. உண்டு. 17 செ.மீ. உண்டு. ஆனால் ஒன்று ஒல்லியாக நீண்ட முக்கோணம், மற்றது அதில் பாதியை விடச் சற்றே பெரிய, விரிகோணத்தோடு குறுகிப்போன முக்கோணம். இரண்டும் ஒரே செய்திக்குச் சரியான பதில்கள். ஆசாரி எதைச் செய்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. செய்தியில் சந்து இருக்கிறது. இதற்குப் பிறகு அந்த வரிசையில் ப-ப-கோ இல்லாததற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கே நிறுத்தியிருக்கலாம். தொங்கும் சட்டத்தின் நீளத்தை மாற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் இன்னும் திறந்தது. 17-ஐக் கழற்றி 14 செ.மீ. மாட்டினால் அடிச்சட்டத்தை எட்டவே இல்லை, முக்கோணமே கிடையாது. 15 மாட்டினால் சரியாக ஒரே இடத்தில், செங்குத்தாகத் தொடுகிறது. 15-க்கு மேல் 30-க்குள் எதை மாட்டினாலும் இரண்டு இடம். 15-ஐ நெருங்க நெருங்க அந்த இரண்டு இடங்களும் ஒன்றையொன்று நெருங்கி, 15-இல் ஒன்றாகிவிடுகின்றன. 30-ஐ மாட்டினால் உள்பக்க இடம் மூலையிலேயே விழுந்துவிடுகிறது, அதற்கு மேல் மாட்டினால் மூலையையே தாண்டிப் பின்னால் போய்விடுகிறது, மறுபடி ஒரே முக்கோணம்தான்.

15-இல் நிற்கும் அந்த முக்கோணத்தைக் கவனியுங்கள். சட்டம் அடியைச் செங்குத்தாகத் தொடுவதால் அங்கே செங்கோணம் வருகிறது, அதற்கு எதிரே இருக்கும் 30 செ.மீ. கர்ணமாகிறது. இப்போது செய்தியைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: செங்கோணம், 30 செ.மீ. கர்ணம், 15 செ.மீ. ஒரு பக்கம். இதுவும் ப-ப-கோ வகைதான், கோணம் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் கர்ணம் என்பதால் அது எப்போதும் மற்றதைவிட நீளம். நாம் கடைசியாகப் பார்த்த "30-ஐத் தாண்டினால் ஒன்றுதான்" என்ற நிலை தானாகவே அமைந்துவிடுகிறது. செ-க-ப என்று தனி விதியாக வைத்திருப்பது ப-ப-கோ-வில் சந்து அடைபட்டுப்போகும் ஓர் இடம். பாடப்புத்தகத்தில் இவை இரண்டும் சம்பந்தமே இல்லாதவை போலத் தனித்தனியாக வருவதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆறில் ஐந்து சரி, ஆனாலும் இல்லை

ஒரு சட்டக்குழுவில் 8, 12, 18. இன்னொன்றில் 12, 18, 27. இரண்டையும் முடுக்கி, கோணமானியால் அளக்கச் சொன்னேன். முதலாவதில் சுமார் 127, 32, 21 டிகிரி. இரண்டாவதிலும் அதே 127, 32, 21. இரண்டாவது முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் முதலாவதைப் போல ஒன்றரை மடங்கு, அதனால் கோணங்கள் மாறாது. இப்போது எண்ணுங்கள்: மூன்று கோணங்கள் சமம், 12 இரண்டிலும் இருக்கிறது, 18 இரண்டிலும் இருக்கிறது. ஆறில் ஐந்து சமம். மேலே வைத்துப் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது.

"அஞ்சு சரியா இருந்தும் எப்படி?" என்று பையன் கேட்டான். 12-க்கு எதிரே எந்தக் கோணம் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். சின்னதில் 12-க்கு எதிரே 32 டிகிரி. பெரியதில் அதே 12-க்கு எதிரே 21 டிகிரி. 18-க்கு எதிரே சின்னதில் 127, பெரியதில் 32. சமமான பக்கங்கள் ஒத்த இடத்தில் உட்காரவில்லை.

சர்வசமத்தில் மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் இதுதான். முக்கோணம் கசட ≅ முக்கோணம் பமய என்று எழுதினால், க-வின் மேல் ப, ச-வின் மேல் ம, ட-வின் மேல் ய விழுகிறது என்று அர்த்தம். எழுத்துகளை வரிசை மாற்றிப் போட்டால் அது வேறு கூற்று, பல நேரம் பொய்யான கூற்று. பிள்ளைகள் மூட்டுகளில் எழுத்துகளைச் சாக்பீஸால் எழுதி, அடுக்கும்போது எந்த எழுத்தின்மேல் எந்த எழுத்து வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள். நோட்டில் வரிசை தானாக நேரானது.

கதவு நிலையும் மூலைவிட்டமும்

இணைப்பு வேலை ஒன்று. நிலை சட்டம் கூட்டும் ஆசாரி, நான்கு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு குறுக்கும் சமம் என்றால் "மட்டம் சரி" என்பார். மூலைமட்டம் வைக்காமலே 90 டிகிரி என்று எப்படிச் சொல்கிறார்?

எதிரெதிர்ச் சட்டங்கள் சமமாக நான்கு சட்டங்களைக் கூட்டினோம். மூலைகள் வரிசையாக க, ச, ட, த. சாய்த்தால் ஒரு குறுக்கு நீள்கிறது, மற்றது சுருங்குகிறது. இரண்டும் சமமாகும் நிலையில் நிறுத்தி, முக்கோணம் கசட-வையும் முக்கோணம் தடச-வையும் பாருங்கள். கச = தட, எதிர்ச் சட்டங்கள். சட இரண்டுக்கும் பொது. கட = தச, இப்போதுதான் சமமாக்கினோம். ப-ப-ப. ஆகவே ச-விலும் ட-விலும் இருக்கும் மூலைகள் சமம். இணைகரத்தில் பக்கத்துப் பக்கத்து மூலைகள் சேர்ந்தால் 180. சமமான இரண்டு சேர்ந்து 180 என்றால் ஒவ்வொன்றும் 90. ஆசாரியின் டேப்புக்குள் இருப்பது இந்த ஐந்து வரி நிரூபணம். முக்கோணங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பாதி மூடிக்கொண்டு நிற்பதால் பிள்ளைகளுக்கு முதலில் கண்ணில் படாது. ஒரு முக்கோணத்தின் விளிம்பில் சிவப்பு நூல், மற்றதில் பச்சை நூல் சுற்றிய பிறகு பட்டது.

வாய்க்காலின் அகலம்

மேட்டூர் திறந்து தண்ணீர் கரை தட்டி ஓடும் சமயம். இறங்காமல், குறுக்கே போகாமல் வாய்க்காலின் அகலத்தை அளக்க வேண்டும். எதிர்க்கரை விளிம்பில் ஒரு வேப்பமரம் இருந்தது, அது ம. இந்தக் கரையில் மரத்துக்கு நேராக ஒரு முளை, க. அங்கிருந்து கரையோரமாகவே 10 மீ. தள்ளி ச, அதே நேர்கோட்டில் இன்னும் 10 மீ. தள்ளி ட. ட-விலிருந்து தண்ணீருக்கு முதுகைக் காட்டிச் செங்குத்தாக வயல் பக்கம் நடக்க வேண்டும். திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தால், ஓரிடத்தில் ச முளை மரத்தை மறைக்கும். அந்த இடம் ப. அங்கே நின்று, ட-விலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால் அதுதான் வாய்க்காலின் அகலம்.

செங்கோணத்துக்குக் கொத்தனார்கள் அஸ்திவாரத்தில் பிடிக்கும் 3-4-5 கயிறுதான். அங்கே அடிக்கணக்கு, நாங்கள் மீட்டரில் பிடித்தோம். அதுவும் ப-ப-ப விதியின் வேலைதான் என்பதைக் கரையிலேயே சொல்லிவிட்டேன்: செங்கோணத்தை நடுவில் வைத்து 3, 4 பக்கங்களோடு ஒரு முக்கோணம் வரைந்தால் பிதாகரஸ் தேற்றப்படி மூன்றாவது பக்கம் 5, நம் கயிறும் 3, 4, 5, மூன்று பக்கமும் சமம், ஆகவே சர்வசமம், ஆகவே நம் கயிற்றிலும் செங்கோணம் இருந்தாக வேண்டும். யூக்ளிட் முதல் பகுதியை முடிப்பது பிதாகரஸ் தேற்றத்தின் இந்த மறுதலையில்தான்.

வரப்பில் உட்கார்ந்து அண்ணன் மகள் எழுதியது:

முக்கோணங்கள் கசம, டசப இரண்டிலும்
கோணம் க = கோணம் ட (இரண்டும் 90 டிகிரி)
கச = டச (இரண்டும் 10 மீ.)
கோணம் கசம = கோணம் டசப (குத்தெதிர்க் கோணங்கள்)
ஆகவே கோ-ப-கோ விதிப்படி முக்கோணம் கசம ≅ முக்கோணம் டசப
ஆகவே கம = டப

கடைசி வரியில்தான் பலன் இருக்கிறது. அளக்க முடிந்த மூன்றைக் கொண்டு சர்வசமம் என்று நிறுவியதும், மீதி மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று தண்ணீருக்கு மேலே போகும் கம. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்துத் தேல்ஸ் கடலில் நிற்கும் கப்பல்களின் தூரத்தைக் கணித்தார் என்றும், அதற்கு அவருக்கு இந்தக் கோ-ப-கோ தேற்றம் தேவைப்பட்டிருக்க வேண்டும் என்று வடிவியல் வரலாறு எழுதிய யூடிமஸ் சொன்னார் என்றும் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் எழுதிவைத்திருக்கிறார். கரையில் முளை நட்டுக்கொண்டு நிற்கும்போது அந்த வரி வேறு விதமாகப் புரிகிறது.

டப 12.55 மீ. வந்தது. சரிபார்க்க, பாலம் சுற்றி எதிர்க்கரைக்குப் போன நண்பரிடம் கல் கட்டிய நைலான் நூலை வீசி, மரத்தில் பிடிக்கச் சொல்லி, இழுத்து அடையாளம் வைத்து அளந்தோம்: 12.4 மீ. 15 செ.மீ. வித்தியாசம். எங்கே போனது என்று யோசித்தால் சந்தேகம் ட முளையின் செங்கோணத்தில்தான் போய் நிற்கிறது. இந்த அளவுகளில் ட-வில் ஒரே ஒரு டிகிரி கூடினாலும் டப கால் மீட்டருக்கு மேல் நீண்டுவிடும். எங்களுக்கு அரை டிகிரி பிசகியிருந்தாலே போதும். கரைமண் இளகியிருந்தது, முளை கொஞ்சம் சாய்ந்திருக்கலாம்.

அப்போது பையன் ஒன்று கேட்டான். "மாமா, க-வுலயும் ட-வுலயும் 90 இல்லாம வேற ஏதாச்சும் ஒரே கோணமா இருந்தா?" நிரூபணத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். முதல் வரியில் தேவைப்படுவது "இரண்டும் சமம்" மட்டுமே, 90 என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் காரணம். இரண்டும் 80 ஆக இருந்தாலும் அடுத்த வரிகள் ஒன்றும் மாறாது. மரத்துக்கு இருக்கும் தூரம் அப்படியே கிடைக்கும். (அகலமாக வேண்டுமென்றால்தான் மரம் நேர் எதிரே இருக்க வேண்டும்.) அப்படியானால் கயிற்றை வைத்து இரண்டு தடவை செங்கோணம் பிடிப்பதைவிட, சட்டத்தில் ஒரு முக்கோணத்தை இறுக்கமாக முடுக்கி, க-வில் அதன் ஒரு மூலையை வைத்து மரத்தைப் பார்த்து, அதே முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ட-வில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தால் போதும். கோணம் எத்தனை டிகிரி என்றே தெரிய வேண்டாம். மூன்று பக்கம் மாறாதவரை அந்த மூலை மாறாது. அடுத்த முறைக்கு 60, 80, 100 செ.மீ. நீளத்தில் ரீப்பரில் பெரிய முக்கோணம் ஒன்று அறுத்துவைத்திருக்கிறோம். சட்டம் நீளமாக இருந்தால் அதன்மேல் கண் வைத்துக் குறிபார்ப்பது துல்லியமாக இருக்கும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அறுக்க வேண்டிய அளவுகள், துளைக்குத் துளை: 8 ஒன்று, 12 இரண்டு, 14, 15, 17 ஒவ்வொன்று, 18 நான்கு, 20 இரண்டு, 25 இரண்டு, 27 ஒன்று, 30 இரண்டு, இவை தவிர ப-கோ-ப-வுக்கு 15, 40 ஆளுக்கு ஒரு ஜோடி, அடிச்சட்டத்துக்குத் துளையில்லாத 65 ஒன்று. கதவு நிலைக்கு இதிலேயே 20, 25 ஜோடிகளை எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கால் பக்கம் போனால் பிள்ளைகளோடு பெரியவர்கள் இருவராவது நிற்க வேண்டும். க, ச, ட முளைகளைக் கரை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நட்டு, அந்த ஒரு மீட்டரைக் கடைசியில் கழித்துக்கொள்ளுங்கள்.